கிளை நூலகர் துப்பறிந்தால்: குமரி மாவட்டத்தில் ஒரு மர்மத் தொடர் எழுதுவது எப்படி?

கேள்வி இது: "கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கிளை நூலகரைத் துப்பறிபவராக வைத்து நாவல் வரிசை எழுத ஆசை. வெட்டுக்குத்தும் ரத்தமும் வேண்டாம். ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்கிறார்களே, அந்த வகை. ஆறு புத்தகம் வரை தாக்குப்பிடிக்குமா? எங்கிருந்து தொடங்குவது?"

தாக்குப்பிடிக்கும். ஆனால் எழுதத் தொடங்கும் முன் கதைச் சுருக்கத்தை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். நூலகரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சரையோ போஸ்ட் மாஸ்டரையோ வையுங்கள். அப்போதும் முடிச்சு அதே மாதிரி அவிழ்கிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது நூலகர் கதை இல்லை. நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கதை. இந்த வகையில் வெளிநாட்டில் வந்து குவியும் வரிசைகளில் பாதி விழுவது இந்தக் குழியில்தான். பூனை, தேநீர், அலமாரி எல்லாம் இருக்கும். குற்றவாளி மட்டும் கடைசி அத்தியாயத்தில் தானே உளறி மாட்டிக்கொள்வான். விடை நூலகத்தின் அன்றாட வேலைக்குள்ளிருந்து வரவேண்டும். மற்ற முடிவுகளை எல்லாம் இதை வைத்தே எடுங்கள்.

வகையின் எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வன்முறை காட்சிக்கு வெளியே நடக்கும். துப்பறிபவர் போலீஸ் அல்ல, அதற்காகச் சம்பளம் வாங்குபவரும் அல்ல. ஒருவரையொருவர் அறிந்த சின்ன ஊர். குற்றவாளி முதல் கால்வாசிக்குள் நம் கண்ணில் பட்டவராக இருக்கவேண்டும். நூலகருக்குத் தெரிந்த தடயம் அத்தனையும் அதே நேரத்தில் வாசகருக்கும் தெரியவேண்டும். இந்த மரபுக்கென்றே அமெரிக்காவில் 1989 முதல் 'மாலிஸ் டொமெஸ்டிக்' என்று மாநாடு நடத்தி, அகதா கிறிஸ்டியின் பெயரில் விருதும் கொடுக்கிறார்கள். நம் ஊர்த் துப்பறியும் கதைகளில் வக்கீலும் இன்ஸ்பெக்டருமே அதிகம் என்பதால், இந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

இனி உங்கள் நூலகர். தமிழகப் பொது நூலகங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. மாவட்ட நூலக ஆணைக்குழு மேலே. அதன் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம். இதில் எது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் கதையின் ஓட்டமே மாறும். ஊர்ப்புற நூலகம் என்றால் பெரும்பாலும் ஒற்றை ஆள். அவர் வெளியே கிளம்பினால் கதவைப் பூட்ட வேண்டும். பூட்டினால் ஊருக்கே தெரியும். கிளை நூலகம் என்றால் உதவிக்கு ஒருவரை வைக்கலாம், பேச்சுத்துணையும் ஆச்சு. எப்படியானாலும் அவர் பணி நேரத்தில் நினைத்தபடி ஊர் சுற்ற முடியாது. நாவலில் நூலகர் காலை பதினோரு மணிக்குச் சம்பவ இடத்துக்குப் போய் ஆராய்கிறார் என்று எழுதினால், நூலகத் துறையில் ஒரு நாள் வேலை பார்த்தவர்கூடச் சிரிப்பார்.

இந்தக் கட்டுப்பாட்டைப் பலமாக மாற்றலாம். அவர் ஊருக்குப் போகவேண்டாம், ஊர் அவரிடம் வரும். காலையில் நாளிதழ் பிரிவுக்கு ஓய்வுபெற்றவர்கள். பகல் முழுக்க டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளைகள். நாலரைக்கு மேல் பள்ளிச் சிறுவர்கள். வாசகர் வட்டக் கூட்டம் என்ற பெயரில் சந்தேகத்துக்குரிய அத்தனை பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்கலாம். கடைசி அத்தியாயத்துக்கு வேறு சாக்கு தேடவேண்டாம். சுவரில் தொங்கும் புரவலர் பெயர்ப்பலகையையும் மறக்காதீர்கள். பணம் கொடுத்தவர்களின் பெயர் வரிசை அது. யாருக்கு யாரோடு எப்போது நெருக்கம், எப்போது முறிவு என்பதை அந்த வரிசையிலிருந்தே காட்டலாம்.

இடமாற்றமும் கூடுதல் பொறுப்பும் வரிசைக்குக் கிடைத்த வரம். பக்கத்து ஊர் நூலகத்தில் ஆள் இல்லையென்றால், வாரத்தில் சில நாள் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது துறையில் சகஜம். ஆகவே முதல் புத்தகம் கல்குளம் பக்கம், இரண்டாவது குளச்சலை ஒட்டிய கடற்கரை ஊர், மூன்றாவது தோவாளை, நாலாவது கீரிப்பாறை போன்ற ரப்பர் தோட்டப் பகுதி என்று இயல்பாக நகரலாம். ஒரே ஊரில் வருடத்துக்கு ஒரு கொலை விழுந்தால் ஜனங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பழைய குறையும் தீரும். என் கருத்தில், ஆறில் இரண்டு கொலை போதும். மிச்சத்துக்கு மொட்டைக் கடிதம், காணாமல்போன ஏடு, போலி உயில், நன்கொடை மோசடி போன்றவை தாராளம்.

தடயங்களில்தான் அதிகம் உழைக்க வேண்டும். நூலக நடைமுறையிலிருந்து கிடைப்பவற்றில் நல்லது ரகசியப் பக்கம். ஒவ்வொரு நூலகமும் ஒரு பக்க எண்ணைத் தேர்ந்து, தன் எல்லாப் புத்தகங்களிலும் அந்தப் பக்கத்தில் முத்திரையும் வரவு எண்ணும் போட்டு வைப்பது பழைய வழக்கம். திருடுபவன் தலைப்புப் பக்கத்தைக் கிழிப்பான், கடைசிப் பக்க முத்திரையைச் சுரண்டுவான், முதுகில் ஒட்டிய சீட்டை உரிப்பான். 37ஆம் பக்கத்தைத் திறந்து பார்க்க அவனுக்குத் தோன்றாது. பழைய புத்தகக் கடையிலோ ஒரு பெரிய மனிதரின் வீட்டு அலமாரியிலோ ஒரு நூலை எடுத்து, பேச்சை நிறுத்தாமல் நேராக 37க்குப் புரட்டும் கைதான் உங்கள் கதாநாயகி. வாசகருக்கு அதை முன்பே விதைத்திருக்க வேண்டும், இப்படி:

"இது எதுக்கு மேடம் நடுவுல ஒரு சீல்? முன்னாடியே ஒண்ணு போட்டாச்சே."

"போடு மக்ளே. எல்லாத்துலயும் அதே பக்கம். எண்ணித் திருப்பாதே, கை தன்னால போகும்."

மூன்றாம் அத்தியாயத்தில் இவ்வளவு போதும். புதிதாய் வந்த பையனுக்கு வேலை கற்றுத்தருகிறார் என்றே வாசகர் கடந்துபோவார்.

வரவுப் பதிவேடு அடுத்தது. ஒரு எண் ஒரு பிரதிக்கு மட்டும். புத்தகம் தொலைந்தாலும் கழித்துக்கட்டினாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குத் தரமாட்டார்கள். எனவே ஒரே எண்ணோடு இரண்டு புத்தகம் அலமாரியில் இருந்தால், ஒன்று பின்னால் நுழைக்கப்பட்டது. கேள்வி யார் என்பது மட்டுமில்லை. திருடுவதை விட்டுவிட்டு ஏன் ஒரு புத்தகத்தை உள்ளே கொண்டுவந்து வைக்கவேண்டும் என்பதும்தான். ஒரு முழு நாவலுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

தேதிச் சீட்டைப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். பல நூலகங்களில் சீட்டில் குத்துவது புத்தகம் எடுத்த தேதி இல்லை, திருப்பித் தரவேண்டிய தேதி. எழுதுபவர்கள் இதில் சறுக்கினால், 'அப்போது நான் வேறு இடத்தில் இருந்தேன்' என்ற அலிபியே ஆட்டம் கண்டுவிடும். உங்கள் நூலகத்தில் 14 நாள் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் 28 ஜூன் 2024 என்று இருக்கிறது. புத்தகம் போன நாள் 14 ஜூன். இரண்டுமே வெள்ளிக்கிழமை. கிளை நூலகங்களுக்கு வெள்ளி வார விடுமுறை. பூட்டிய நூலகத்தில் முத்திரை குத்தியவர் சாவி வைத்திருப்பவராக இருக்கவேண்டும், இல்லையென்றால் விடுமுறையே தெரியாத வெளியூர்க்காரர் தேதி முத்திரையைத் திருடி வீட்டில் வைத்துக் குத்தியிருக்கவேண்டும். இரண்டு திசையிலும் கதை ஓடும். இதை எழுதும் முன் அந்த வருட நாள்காட்டியை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். கிழமை தப்பினால் வாசகர் முதல் வாரத்திலேயே எழுதி அனுப்புவார்.

நூலகம் கணினிமயமானது என்றால் முத்திரைத் தடயம் எல்லாம் போய்விடும். 'கோஹா' போன்ற மென்பொருளில் யார் எதை எடுத்தார் என்ற பழைய வரலாற்றை அழித்துவிடும் வசதியும் உண்டு. இதில் நல்ல அறச்சிக்கல் ஒன்று இருக்கிறது. வாசகர் என்ன படிக்கிறார் என்பதைப் போலீஸ் கேட்டாலே சொல்லிவிடலாமா? உங்கள் நூலகர் முதல் புத்தகத்தில் மறுக்கட்டும். மூன்றாவதில் அதே மறுப்பால் ஒரு நிரபராதி சிக்கிக்கொள்ளட்டும். எல்லாம் தெரிந்தவராகவும் எதையும் சொல்லாதவராகவும் ஒருவர் இருப்பதில்தான் இந்தப் பாத்திரத்தின் சுவை.

குமரி என்ற களம் இங்கேதான் தனியாகக் கைகொடுக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் திருவிதாங்கூரிலும், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தவை. பழைய பத்திரம், ரசீது, குடும்பக் கணக்கு எல்லாவற்றிலும் மலையாளமும், கேரளத்து ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டும் கலந்து வரும். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர் இருவர்தான் மிஞ்சியிருப்பார்கள். வேறு எந்த மாவட்டத்துக் கதைக்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காத பூட்டு இது.

ஒரு தடயத்தை முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், ஆவணியில் பிறக்கிறது. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ஆவணி முதல் டிசம்பர் முடியும் வரை 824தான் கூட்டவேண்டும். ஜனவரி பிறந்த பிறகே 825. திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12. அது கொல்லம் 1112 ஐப்பசி, மலையாள மாதக் கணக்கில் துலாம். 1112 + 824 = 1936. சரியாக வருகிறதா? இப்போது உங்கள் கதையில் ஒருவர் தாத்தா காலத்து நன்கொடைப் பத்திரம் என்று ஒரு தாளைக் கொண்டுவருகிறார். மேலே "1112 துலாம்", கீழே அதே கையெழுத்தில் "நவம்பர் 1937". அந்தக் காலத்தில் இரண்டு கணக்கையும் தினம் புழங்கியவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். இணையத்தில் பார்த்து 825 கூட்டியவர்தான் எழுதுவார்.

இதையே பணத்திலும் செய்யலாம். திருவிதாங்கூரில் 28 சக்கரம் ஒரு ரூபாய், 16 காசு ஒரு சக்கரம். "3 ரூபாய் 30 சக்கரம்" என்று ஒரு பழைய ரசீது சொன்னால் அது பொய் ரசீது; 4 ரூபாய் 2 சக்கரம் என்றல்லவா எழுதியிருப்பார்கள்? ஆனால் ஒரே புத்தகத்தில் ஆண்டுக் கணக்கையும் சக்கரக் கணக்கையும் சேர்த்துப் போடாதீர்கள். கணக்குப் பாடம் ஒரு நாவலுக்கு ஒன்றுதான் தாங்கும்.

கணக்கு இல்லாத உள்ளூர்த் தடயமும் நிறைய. சிவராத்திரிக்கு நடக்கும் சிவாலய ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கோயில், திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும், காவி உடுத்தி, கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று ஓடுவார்கள். மூன்றாவது திற்பரப்பு, நாலாவது திருநந்திக்கரை. 'நான் ராத்திரி முழுக்க ஓட்டத்தில் இருந்தேன்' என்பவர், பேச்சுவாக்கில் திருநந்திக்கரையில் பானகம் குடித்துவிட்டுத் திற்பரப்பு போனதாகச் சொல்லட்டும். உள்ளூர் வாசகருக்கு அங்கேயே பொறி தட்டும். வெளியூர் வாசகருக்காக நூலகத்துச் சுவரில் கோயில் வரிசை அச்சிட்ட ஒரு நோட்டீஸை ஐந்தாம் அத்தியாயத்தில் தொங்கவிட்டுவிடுங்கள். அது இல்லாமல் எழுதினால் ஏமாற்று வேலை ஆகிவிடும்.

திருட்டுக்கு ஏற்ற பொருள் வில்லுப்பாட்டு ஏடு. இசக்கியம்மன், சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் பாடிய குடும்பங்களில் ஓலையாக இருப்பது. எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடி, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே வாங்குபவனுக்கும் அவசரம், விற்பவனுக்கும் பயம். சுவடிக்குப் புல்தைலம் பூசுவார்கள். அந்த வாசனை ஒருவரின் துண்டில் அடித்தால் அதுவே தடயம். ரப்பர் தோட்டப் புத்தகத்தில் இதே வேலையைப் பாலை உறையவைக்கும் ஆசிட் செய்யும்: 'ஷீட் அடிக்கிற பக்கமே நான் போறதில்லை' என்று சொன்னவரின் விரலிடுக்கில் சின்னப் புண்.

விஷம் வைப்பதாக இருந்தால் தோவாளை பூச்சந்தைக்கு நடுவிலேயே அரளி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இதயத்தைப் பாதிக்கும் விஷம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அளவும் செய்முறையும் எழுதவேண்டாம். இந்த வகைக் கதைக்கு அது தேவையும் இல்லை.

போலீஸ் நடைமுறை தெரியாமல் எழுதினால் கதை கழன்றுவிடும். சந்தேக மரணம் என்றால், முன்பெல்லாம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 174 என்று எழுதுவோம். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் அது பிரிவு 194. உடற்கூறாய்வு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடக்கும். உள்ளுறுப்பு ஆய்வு முடிவு மறுநாள் காலையில் வந்துவிடாது, வாரக்கணக்கில் இழுக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் நூலகருக்குக் கிடைக்கும் கால அவகாசம். அதை வீணாக்காதீர்கள். தகவலுக்கு இன்ஸ்பெக்டரை மாமன் மகனாக்கும் பழைய வழி வேண்டாம். வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் இருந்தால், ஸ்டேஷன் ரைட்டரோடு டீ குடித்தே பாதி தெரிந்துகொள்வார். மீதியை நூலகர் சட்டப்படி வாங்கலாம்: சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, தகவல் உரிமைச் சட்டத்தில் முப்பது நாளில் பதில். பத்மநாபபுரம் அரண்மனையைக் களமாக்க நினைத்தால், இடம் தமிழகத்தில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம், திங்கட்கிழமை விடுமுறை என்ற மூன்றையும் நினைவில் வையுங்கள். புகார் கொடுப்பது யார் என்பதிலேயே நல்ல நகைச்சுவை கிடைக்கும்.

ஒக்கிப் புயலை மட்டும் கதைத் திருப்பமாக வைக்காதீர்கள். 2017 நவம்பர் இறுதியில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் அந்தக் கரையில் இருக்கின்றன. இந்த மென்மையான வகை அந்தத் துயரத்தைத் தாங்காது.

அளவு: 45,000 முதல் 55,000 சொல், 28 அத்தியாயம் என்று திட்டமிடுங்கள். குற்றம் மூன்றாம் அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும். சந்தேகத்துக்குரியவர் ஐந்து பேர். ஆறாவது ஆள் வந்தால் வாசகர் பெயரைக் குழப்பிக்கொள்வார், அதிலும் நம் ஊரில் பாதிப் பேர் தங்கம், ராஜன், செல்வம். முதலெழுத்து வேறுவேறாக வையுங்கள். உண்மைத் தடயம் ஏழு, திசைதிருப்புபவை மூன்று. ஒவ்வொரு திசைதிருப்பலுக்கும் தனிக் காரணம் இருக்கவேண்டும்: அவர் பொய் சொன்னது கொலையை மறைக்க அல்ல, மகளின் காதல் கல்யாணத்தை மறைக்க. முதலில் கடைசி மூன்று அத்தியாயத்தை எழுதிவிட்டு, எந்தத் தடயம் எந்த அத்தியாயத்தில் விழுகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு அட்டவணையாக்குங்கள். முக்கியத் தடயத்தைப் பத்தியின் நடுவில் புதையுங்கள், கடைசி வரியில் வைக்காதீர்கள். கடைசி வரியில் இருப்பதை எல்லாரும் பார்ப்பார்கள்.

பேச்சு வழக்கு ஒன்றல்ல. நாஞ்சில்நாட்டுப் பக்கம் ஒரு மாதிரி, விளவங்கோட்டில் மலையாள வாடையோடு இன்னொரு மாதிரி, கடற்கரையில் முற்றிலும் வேறு. வயதான பெண்மணி ஒருத்தி நூலகரை "மக்ளே" என்பாள், மேற்கே உள்ளவர் ஆண் அலுவலரை "சாரே" என்பார், பிள்ளைகள் ஒருவரையொருவர் "மக்கா" என்பார்கள். உரையாடலில் மட்டும் வழக்கைக் கொண்டுவந்து, விவரிப்பைப் பொதுத் தமிழில் வையுங்கள். தெரியாத கரையின் பேச்சை எழுதவே எழுதாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.

இந்த வகைப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு பலகாரக் குறிப்பு போடுவது வழக்கம். குமரிக்கு முந்திரிக்கொத்தைவிடப் பொருத்தமானது இல்லை: வறுத்துப் பொடித்த சிறுபயறு இரண்டு கப், கருப்பட்டி ஒன்றரை கப், வறுத்த தேங்காய்த் துருவல் அரை கப், எள், ஏலம், சுக்கு, உருட்டி, மஞ்சள் சேர்த்த பச்சரிசி மாவுக் கரைசலில் மும்மூன்றாக முக்கிப் பொரிப்பது. பாகு இளகலாக இருந்தால் உருண்டை எண்ணெயில் உடையும், முற்றினால் கல்லாகும். குறிப்பை அச்சுக்குத் தரும் முன் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். கொலைகாரன் யார் என்பதில் பிழை இருந்தால்கூட வாசகர் மன்னிப்பார், இதில் மன்னிக்கமாட்டார்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நூலகத்தின் தரைப்படம், அலமாரி எத்தனை, பின்கதவின் சாவி யாரிடம், ரகசியப் பக்க எண் எது, தவணை எத்தனை நாள், வாசகர் வட்டத்தில் யாருக்கு என்ன வயது, எந்தப் புத்தகம் எந்த வருடத்து எந்த மாதத்தில் நடக்கிறது. ஒவ்வொரு நூலகத்துக்கும் தனிப் பக்கம். கூடுதல் பொறுப்பில் இரண்டாவது நூலகத்துக்குப் போகும்போது ரகசியப் பக்க எண் மாறவேண்டும் என்பதை அதில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். நாலாவது புத்தகத்தில் திருடன் 37ஆம் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு நிம்மதியாக இருப்பான். அந்த நூலகத்தின் எண்ணோ 53.